மழைக்குக் குப்பி நீட்டியவர்

மைசூரில் மழை பெய்வதே தம் ஒருவருக்காகத்தான் என்று உளமார நம்பிய மனிதர் உண்டென்றால், அவர் எங்கள் மோரியண்ணன் ஒருவரே. மோரி என்றால் வடிகால். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் எண்ணெய் எரித்து மின்சாரம் ஆக்கும் எங்கள் நிலையத்தின் தொழிலாளர்கள் இட்ட பெயர் அது. அவரோ அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

தமிழக எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரர். நிலையத்து முற்றத்தில் விழும் மழைநீர் ஒரே வாய்க்காலில் கூடி, மதிலுக்கு வெளியே உள்ள ஏரியைச் சேரும். அந்நீரில் எண்ணெய் கலந்துள்ளதா என்று சோதிக்க மாதிரி எடுப்பது அவர் பணி. தரையின் அழுக்கை முதல் வெள்ளமே கழுவிக் கொணரும் என்பதால், மழை தொடங்கிய அரைமணிக்குள் எடுத்தாக வேண்டும். இந்த விதியை அவர் கடைப்பிடித்த விதம்தான் என் பத்தாண்டுத் துன்பம். அலுவலகக் கண்காணிப்பாளன் நான். அவர்மீதான முறையீடுகள் அனைத்தும் என் மேசைக்கே வந்தன.

இடி முழங்கினால் மனிதர் இருந்த இடத்தில் இருக்கமாட்டார். என் மகள் திருமணப் பந்தியில் பாயசம் வரும் வேளையில் வானம் இருண்டது. எழுந்துவிட்டார்.

"உக்காருங்க, பாயசம் வருது!" என்றேன்.

"பாயசம் நாளைக்கும் கெடைக்குமுங் சார். மொத வெள்ளம் கெடைக்குமுங்களா?"

ஓடியே போனார். அவருக்கு ஏதேனும் மனக்குறையா என்று சம்பந்தி என்னை மூன்று முறை கேட்டார்.

மாதிரிகளைக் குளிரில் வைக்க வேண்டுமாம். நிலைய உணவகத்துக் குளிர்பதனப் பெட்டியில் மோருக்கு அருகில் வைத்தார். சமையற்காரர் வேலையை விடுவதாக ஐந்து கடிதங்கள் எழுதினார். பின்னொரு நாள், மேலாளரின் மகிழுந்து எண்ணெய் சொட்டுகிறதென்று அதனடியில் இட்லித் தட்டு ஒன்றை வைத்தார் மோரியண்ணன். ஆறாவது கடிதம் வந்தது.

ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்திருக்கையில் மழை வந்தது. நானே சென்றேன். நாகரிகமுள்ள எவரும் செய்வதுபோல் குப்பியை வாய்க்கால் நீரில் நன்கு அலம்பிவிட்டு நிரப்பி வைத்தேன்.

மறுநாள் வந்தவர் குப்பியைக் கண்டதும் கேட்டார்: "கழுவுனீங்களா சார்?"

"மூணு தடவை."

"போச்சு! கழுவறப்பவே எண்ணெய் கண்ணாடில ஒட்டிக்குமுங். மறுக்கா ரொப்புனா ரெட்டிப்பாக் காட்டும். கழுவாம ஒரே தடவைல மொண்டு எடுக்கோணுமுங்."

அடுத்த மழை வரும்வரை என்னோடு பேசவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதம், தலைமை அலுவலகத்தார் வரும் நாளில், எண்ணெய் இறக்கும் லாரியின் குழாய் கசிந்தது. கூடவே மழை. மோரியண்ணன் யாரையும் கேளாமல் வாய்க்கால் கோடியிலிருந்த இரும்பு அடைப்பை இறக்கிவிட்டு, அதைத் திருகும் சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டார். போக்கிடமின்றி நீர் முற்றமெங்கும் ஏறியது. விருந்தினர் காலணிகளைக் கையில் ஏந்தி நின்றனர்.

கன்னடக்காரரான மேலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன்ரீ இது, யார்டு முழுக்க ஏரியாகிப் போச்சு! இப்பவே தெறக்கச் சொல்லுங்க. இல்லேன்னா அந்த ஆளுக்கு இன்னையோட வேலை கிடையாது!"

முழங்கால் நீரில் குடையோடு நடந்து போய்க் கத்தினேன்: "எறங்குய்யா! வேலை போயிடும்!"

"போனாப் போகுதுங் சார். இதைப் பாருங்க."

குப்பியை நீட்டினார். நீரின்மேல் எண்ணெய்ப் படலம் பல வண்ணம் காட்டியது. முகர்ந்தேன், லாரியின் வாடையேதான்.

"தெறந்தா நேரா ஏரிக்குப் போயிருமுங். அங்க மாடு தண்ணி குடிக்குது. எண்ணெயை உறிஞ்சி எடுக்கட்டும், நானே தெறக்கறனுங்."

அதற்குள் மேலாளரே நீரில் இறங்கி வந்துவிட்டார். "யாரைக் கேட்டு மூடினான்?"

"என்னைக் கேட்டுத்தான்" என்றேன். "நான்தான் மூடச் சொன்னேன்."

"எழுத்துல இருக்கா?"

சட்டைப்பையிலிருந்த தாளில் அங்கேயே ஆணையை எழுதிக் கையொப்பமிட்டு நீட்டினேன். அவர் படிக்கப் படிக்க மை கரைந்தது. என்னை ஒருமுறை முறைத்தார். பிறகு எண்ணெய் உறிஞ்சும் வண்டியை அழைக்கக் கைபேசியை எடுத்தார்.

மோரியண்ணன் அதற்குள் அடுத்த குப்பியைத் திறந்துகொண்டிருந்தார். மழை அவர் தலையில் கொட்டியது. என் குடையை அவர்மேல் பிடித்தேன்.

"குடைத் தண்ணி குப்பில விழுது சார், தள்ளிப் புடிங்க!"

குப்பியை விட்டுத் தள்ளி, அவரை விட்டுத் தள்ளாமல் பிடித்தபடி, மழை ஓயும்வரை அங்கேயே நின்றேன்.