பயந்தாங்கொள்ளி அத்தை கொடுக்காத வாக்கு

பயந்தாங்கொள்ளி அத்தையைப் போலப் பயப்படத் தெரிந்தவள் பம்பாயிலேயே கிடையாது. பேய்கூட அவளிடம் வந்து பாடம் கேட்க வேண்டும். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ‘கொர்’ரென்று ஒரு சத்தம் வருமே, அது அவளுக்கு ஆகாது. உள்ளே யாரோ தொண்டையைச் செருமுகிறார்களாம். ஒருமுறை ரயில் கண்ணாடியில் தன் முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகத்தைப் பார்த்தாள். அன்றோடு ரயிலேறுவதையே விட்டுவிட்டாள்.

இத்தனைக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் மேல்தான் அம்மன் இறங்கும். தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் திருநெல்வேலிச் சனம். வேலை கிடைக்குமா, கோபித்துக்கொண்டு போன மருமகள் திரும்புவாளா என்று கேட்க அவள் வாசலில் கூடிவிடும். மற்ற நாட்களில் அங்கே கூடுவது பிள்ளைகள் நாங்கள்தான்.

மற்றப் பெரியவர்கள் எங்களைக் கண்டால், “சாப்பிட்டியா? படிச்சியா?” என்பதோடு சரி. பதிலுக்கு நிற்க மாட்டார்கள். அத்தை மட்டும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குசுகுசுவென்று, “ஏட்டி, நேத்து எதப் பாத்துப் பயந்த?” என்பாள். சொன்னால் சிரிக்க மாட்டாள். தேற்றவும் மாட்டாள். “அய்யோ, எனக்கும்ட்டி!” என்று கண்ணை விரிப்பாள். பிறகு தன்னுடைய பயத்தைச் சொல்வாள். அதன் முன்னால் எங்கள் பயம் வெட்கப்பட்டு ஓடிவிடும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. நான் வயதுக்கு வந்ததும் அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்தது. பள்ளிக்கூடம் மாஹிம் பக்கம். போகிற வழி சதுப்பு ஓரம். காலையில் தோல் பட்டறைப் புகை கவிந்து கிடக்கும். எதிரே வருகிறவர்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இருக்காது.

“பெரிய புள்ள அந்த வழியில தனியாப் போவக் கூடாது. நிறுத்திருவோம்,” என்றார் அப்பா.

“அம்மன்ட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க,” என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை உடுக்கை அடித்தது. அத்தை தலையை விரித்து ஆடினாள். அப்பா கைகட்டி நின்று, “தாயே, இவ படிப்ப நிறுத்திரட்டுமா?” என்றார்.

ஆட்டம் சட்டென்று நின்றது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல். “தகரம் கிட்ட வருதுடா... நாலு பக்கமும் கிட்ட வருது...”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. படிப்பை நிறுத்தும் பேச்சு எழுந்ததிலிருந்து, படுத்தால் எங்கள் வீட்டுத் தகரச் சுவர்கள் என்னை நெருக்கி வருவதுபோல இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அத்தையிடம்கூட.

“அவள அடைக்காத. போவட்டும்.”

அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. இருந்தாலும் விடவில்லை. “துணைக்கு ஆளில்லையே, தாயே!”

“நான் போறேன்டா,” என்று சொல்லிவிட்டு அம்மன் மலையேறிவிட்டது.

அத்தை கண் விழித்துத் தண்ணீர் குடித்தாள். நடந்ததைச் சொன்னோம். முகம் வெளிறிப்போயிற்று. “அந்தப் பாதையிலயா? அவ பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிட்டா. நடக்கப் போறது யாரு, நானா?”

“அம்மன் வாக்குல்லா, அக்கா,” என்றார் அப்பா. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மறுநாள் முதல் வந்தாள். அத்தை எனக்குத் துணை என்று சந்து நினைத்தது. உண்மையில் அவள் கண்ணை இறுக மூடி, என் சடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “பேசிக்கிட்டே வாட்டி. நிறுத்தினா நான் விழுந்திருவேன்.” பேசினேன். டீச்சர் திட்டியது, தோழி சண்டை போட்டது, கணக்கு வராதது எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் யாரும் கேட்காததையெல்லாம் அந்தப் புகைக்குள் அவள் கேட்டாள்.

ஒருநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி, “காலையில ஒங்க ரெண்டு பேரு பின்னால செவப்புச் சேலையில ஒருத்தி போனாளே, யாருட்டி அது?” என்றாள்.

எங்கள் பின்னால் யாரும் வரவில்லை. அத்தை குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். “அவளும் வாராளா? அப்ப நான் எதுக்கு உசிரக் கையில புடிச்சிட்டு வாரேன்?”

இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் கதவைத் திறந்தால் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள்.

“அதான் அம்மன் கூட வருதுல்லா, அத்தை?”

“அவளுக்கு ஆயிரம் சோலி. அவள நம்பி ஒன்ன விட முடியுமா?” என்று சடையை எட்டிப் பிடித்தாள்.

பள்ளிக்கூடம் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.