மஞ்சள் தொப்பிக்குக் கட்டம் இல்லை

அன்புத் தங்கைக்கு,

தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால் அது பொய்யா? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திங்கட்கிழமை மாலை தலை பின்னிக்கொண்டிருக்கும்போது உன் மகள் கேட்டாள். "தெரிஞ்சும் தெரியாதுன்னு சொன்னா பொய். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சதைச் சொல்லாமலே இருந்தா அது பொய்யா, பெரியம்மா?" பின்னலை முடிக்கும்வரை யோசிக்கிறேன் என்றேன். பின்னல் முடிந்து இரண்டு நாளாகிறது.

இங்கு நான் நலம். குட்டியும் நலம், பல் ஒன்று ஆடுகிறது. அணைக்கட்டில் நீயும் உன் கணவரும் நலமாக இருக்கவும், அங்கே கொட்டும் கான்கிரீட் நன்றாக இறுகவும் விரும்புகிறேன். மரியாதைகள் முடிந்தன. இனி உன்னைத் திட்டப்போகிறேன். தொலைபேசியில் சொன்னால் நடுவில் சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

அந்தப் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தவள் நீ. ஒரு வருடம் பிள்ளையை என்னிடம் விட்டுப் போகும்போது வண்ணக் கோப்பு ஒன்றையும் கையில் திணித்தாய். "இங்கே யாரும் எதையும் கற்பிப்பதில்லை" என்று அதன் முதல் பக்கத்தில் பெருமையாக அச்சிட்டிருந்தது. நான் அதை அடக்கம் என்று நினைத்தேன். அது பாடத்திட்டம் என்று இப்போதுதான் புரிகிறது. ஆசிரியரை ஆசிரியர் என்று சொல்லக் கூடாதாம், உடன்பயணி என்று சொல்ல வேண்டுமாம். தலைமையாசிரியை தலைமை உடன்பயணி. பெரியவர்களுக்கு நாற்காலி கிடையாது, எல்லாருக்கும் தரையில் மெத்தைதான். நாற்பத்தெட்டு வயது முழங்கால்களோடு நான் அந்த மெத்தையில் உட்கார்ந்ததைவிட எழுந்ததுதான் பெரிய பயணம். அதற்கு எந்த உடன்பயணியும் கை கொடுக்கவில்லை. நானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருப்பார்கள்.

என் வேலை என்ன என்பது உனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருடமாகக் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை போடுகிறேன். ஒரு கிலோ எல்லாக் கடையிலும் ஒரு கிலோவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவள் வீட்டுக் குழந்தை இரண்டாம் வாரம் வந்து, வகுப்பறையின் நீளம் இருபத்தெட்டு சாப்பாட்டு டப்பா என்கிறது. அளவைப் பாடமாம். ஒவ்வொரு குழந்தையும் தனக்கென்று ஓர் அளவைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். இன்னொரு குழு, வகுப்பிலேயே சின்னவளான ஒருத்தியைத் தரையில் மாற்றி மாற்றிப் படுக்கவைத்து அளந்திருக்கிறது. அவளை எல்லாரும் சுண்டெலி என்று கூப்பிடுகிறார்கள். எனவே அதே அறையின் நீளம் ஐந்தரை சுண்டெலி. எது சரி என்று கேட்டதற்கு இரண்டும் சரி என்றார்களாம். அந்த அளவைக் கொண்டுபோய் ஒரு தச்சரிடம் கொடுத்து அலமாரி செய்யச் சொல்லிப் பார். அவர் சொல்லும் பதிலைப் பாடத்திட்டத்தில் சேர்க்க முடியாது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். புதன்கிழமைதோறும் "வீட்டில் நடந்த ஒரு தவறு" கொண்டுவர வேண்டும் என்ற வீட்டுப்பாடத்தையும் பொறுத்துக்கொண்டேன். இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். குட்டி தன் தவறைச் சொல்வாளா? பெரியம்மா பக்கத்து வீட்டுக் கதவைத் தன் சாவியால் கால் மணி நேரம் திறக்கப் பார்த்தார் என்று படமே வரைந்துவிட்டாள். அது நடைவழிச் சுவரில், வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும் உயரத்தில் தொங்குகிறது. மூக்குக்கண்ணாடி உட்பட அச்சாக நான்தான். பிள்ளையைக் கூட்டிவரப் போனால் முன்பின் தெரியாத அப்பாமார்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். போகட்டும்.

பொறுக்க முடியாதது தொப்பி. அந்த வகுப்பில் ஒரு கூடை நிறைய மஞ்சள் தொப்பி இருக்கிறது. உடன்பயணி ஒரு கேள்வி கேட்பார். விடை தெரிந்த குழந்தை அதைச் சொல்லிவிட்டால் மற்றக் குழந்தைகளின் கண்டுபிடிப்பு கெட்டுவிடும் அல்லவா? அதனால் தெரிந்தவர்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால், வகுப்பைப் பார்த்தபடி போட்டிருக்கும் பெஞ்சில் போய் வாய் பேசாமல் உட்கார வேண்டும். வாசிப்புப் பாடமும் அப்படித்தான். மூன்று அட்டைகளை வைத்து, மரம் என்ற சொல் எதில் இருக்கிறது என்று கேட்பார்கள். எழுத்தைச் சொல்லித்தர மாட்டார்கள். பிள்ளைகள் அந்தச் சொல்லை உணர்ந்து எடுக்க வேண்டும். நம் குட்டிக்கு நாலரை வயதிலேயே வாசிக்கத் தெரியும். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு என் செய்தித்தாளில் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்னால் சொல்கிறாள். எனவே முதல் நாள் காலை பெஞ்சுக்குப் போனவள் ஆறு வாரமாக அங்கேயே இருக்கிறாள். அவளோடு பெஞ்சுக்குப் போன இன்னும் இரண்டு பிள்ளைகள் மூன்றாம் நாளே சுதாரித்துக்கொண்டு, தெரியாது என்று சொல்லப் பழகி, வகுப்புக்குள் திரும்பிவிட்டார்கள். குட்டிக்குப் பொய் சொல்ல வரவில்லை. இது என் வளர்ப்பில்லை, உன் வளர்ப்பு. அதற்கும் சேர்த்துத்தான் உன்னைத் திட்டுகிறேன்.

இவள் நெற்றியில் தினமும் ஒரு கோடு விழுந்திருக்கும். ஏதோ விளையாட்டு வகுப்புத் தொப்பியின் தடமாக்கும் என்று எண்ணி எண்ணெய் தடவிவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் தொப்பியைத் துவைக்க வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். ஆறே வாரத்தில் முன்விளிம்பு இரண்டு பக்கமும் நைந்து நூல் தொங்குகிறது. துணியின் தரமும் பாடத்திட்டத்தின் தரமும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே தைத்துக் கொடுத்தேன்.

இப்போது நடந்திருப்பதைக் கேள். போன வெள்ளிக்கிழமை தொப்பிக்குள்ளேயே மடித்து ஓர் அறிக்கை வந்தது. மதிப்பெண் கிடையாது. விதை, முளை, மொட்டு, மலர் என்று நான்கு நிலை. குட்டி விதை. பக்கத்தில் ஆறு வாரக் கணக்கு. சொன்ன விடைகள்: பூஜ்யம். கேட்ட வினாக்கள்: பூஜ்யம். அடியில், குழந்தைக்கு எழுத்துகள் அறிமுகமாகவில்லை, இரண்டாம் வகுப்பிலிருந்து இவளை முதல் வகுப்புக்குத் திருப்பி அனுப்பலாம், வியாழக்கிழமை வந்து பேசவும். வாயைத் திறக்காதே என்று ஒரு குழந்தையை உட்காரவைத்துவிட்டு, அது வாயைத் திறக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். அவர்கள் பதிவேட்டில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது, தொப்பிக்கு மட்டும் கட்டம் இல்லை. கடைக்காரன் தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு எடை பார்த்தால் நான் கடையைப் பூட்டிவிடுவேன். இவர்களை என்ன செய்வது?

திங்கட்கிழமையே விடுப்பு எடுத்துக்கொண்டு போய் வகுப்பு உடன்பயணியைப் பார்த்தேன். சின்னப் பெண். முகத்தில் கள்ளம் இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. இவள் ஏன் முதல் வகுப்புக்குப் போகணும் என்று கேட்டேன்.

"ஏன் போகணும்னு உங்களுக்குத் தோணுது?" என்றாள்.

"எனக்குத் தோணலைம்மா. அதனாலதான் கேக்கிறேன்."

"தோணாம இருக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு?"

இவளுக்கு வாசிக்கத் தெரியும், அதனால்தான் தொப்பி போட்டிருக்கிறாள் என்று விளக்கினேன். அதற்கு அந்தப் பெண் அன்பாகத் தலையாட்டிவிட்டு, "தெரியும்னா என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்றாள். இருபத்து மூன்று வருட வேலையில் என்னிடம் சண்டைக்கு வந்த கடைக்காரர்கள் எத்தனையோ பேர். ஒருவன்கூட ஒரு கிலோ என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. அந்த வளாகத்திலேயே என் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர் வாசல் காவலாளி ஒருவர்தான். கழிவறை எங்கே என்றேன். "நேராப் போய் இடது பக்கம்மா" என்றார். அவரைத் தலைமை உடன்பயணியாகப் போட்டால் பள்ளிக்கூடம் உருப்படும்.

செவ்வாய்க்கிழமை பெற்றோர் வட்டம். முப்பது பேர் தரையில். தலைமை உடன்பயணி ஒரு வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, இந்த முறையின் வெற்றிக்கு ஒரு குழந்தையை உதாரணம் காட்டினார். யார் தெரியுமா? சுண்டெலி. ஆறு வாரத்தில் விதையிலிருந்து மலர். யாரும் ஓர் எழுத்துகூடச் சொல்லித்தராமல், மூன்று அட்டையில் சரியானதை நாற்பது முறைக்கு நாற்பது முறை எடுத்திருக்கிறாளாம். சுண்டெலியின் அம்மா ஒரு தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்திருந்தார். "வீட்டுல புத்தகத்தைத் தொடவே மாட்டா. இங்க வந்து எப்படித்தான் பூத்தாளோ" என்று கண் கலங்கிச் சொன்னார். எனக்கு அந்த அம்மாமேல் கோபமில்லை. ஆனால் நாற்பதுக்கு நாற்பது காட்டும் எந்தத் தராசுக்கும் நான் முத்திரை போட்டதில்லை. முதலில் அதைக் கவிழ்த்து அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பேன்.

கையைத் தூக்கினேன். கூட்டத்தில் நான் கையைத் தூக்கியது கல்லூரிக்குப் பிறகு இதுதான் முதல் முறை. தொப்பி போட்ட பிள்ளைகளை எப்படி மதிப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். தலைமை உடன்பயணி புன்னகைத்தார். "உங்ககிட்ட ஏற்கனவே ஒரு விடை இருக்கு போலிருக்கே. மத்தவங்களும் அதைத் தேடட்டும்" என்று சொல்லி என் கையில் ஒரு மஞ்சள் தொப்பியைக் கொடுத்தார். சொன்னால் நம்ப மாட்டாய், நான் அதைப் போட்டுக்கொண்டேன். ஏழு வயதுத் தலைக்குத் தைத்த தொப்பி என் கொண்டைமேல் கிண்ணம் கவிழ்த்த மாதிரி நிற்க, ஐம்பது நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கழற்றி எறிந்திருக்கலாம். எறியவில்லை. முப்பது பேருக்கு முன்னால் எறிய முடியவில்லை. நடைவழிப் படத்தில் இருப்பது இவள்தானே என்று எதிரே ஒருவர் மனைவியிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. அப்போதுதான் ஆறு வாரமாகக் குட்டி எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து அவளுக்குச் சோறு போட்டுவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பாத்திரங்களைத் திட்டினேன்.

முடிவு செய்துவிட்டேன். ஆறு வாரமாக ஒரு வார்த்தை பேச விடாமல் ஒரு பிள்ளையை ஊமையாக்கிவிட்டு, இப்போது கீழ்வகுப்பில் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறார்கள். வைத்துவிட்டால் பெரியவளாகியும் தனக்கு எதுவும் தெரியாது என்றே இவள் நினைத்துக்கொண்டிருப்பாள். நாளை வியாழக்கிழமை. மூன்று பக்கத்துக்கு அறிக்கை எழுதி வைத்திருக்கிறேன், உட்தலைப்புகளோடு. அதை வாசித்துவிட்டுக் குட்டியை அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன். அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு பள்ளி இருக்கிறது. அங்கே எல்லாரும் ஒரே குரலில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள், அதுவும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் மூவைந்து அங்கே தினமும் பதினைந்துதான். விலகல் படிவம் இத்துடன் இருக்கிறது. நீயும் உன் கணவரும் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். எதிர்க்கேள்வி கேட்காதே. இந்த வாரத்துக்குத் தேவையான எதிர்க்கேள்விகளை எல்லாம் கேட்டு முடித்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும், அணை கசியாமல் இருக்க வேண்டும். உன்மேல் கோபம் இருந்தாலும் ஆசி ஆசிதான்.

உன் அக்கா

பின்குறிப்பு: நேற்று தபாலில் சேர்க்கவில்லை. நல்லதாகப் போயிற்று. படிவத்தில் கையெழுத்துப் போடாதே. இன்று காலை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தலைமை உடன்பயணியின் அறை. குட்டையான மேசை, மூன்று மெத்தை. பள்ளியின் அறிக்கை அவர் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நான் பையிலிருந்து என் மூன்று பக்கத்தை எடுப்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த குட்டி, மேசைக்கு இந்தப் புறமிருந்தே அதைத் தலைகீழாக உரக்க வாசிக்க ஆரம்பித்தாள். பூஜ்யங்களையும் விடவில்லை. "குழந்தைக்கு எழுத்துகள் அறிமுகமாகவில்லை" என்பதைத் தடங்கலின்றி வாசித்தாள். தலைமை உடன்பயணியின் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டங்களில் மட்டும் கொஞ்சம் திணறினாள். முடித்துவிட்டு, "இது சரியா?" என்று அவரைக் கேட்டாள்.

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு, "இல்லம்மா. தப்பு" என்றார். அந்த வாயிலிருந்து நான் கேட்ட முதல் விடை. தாளின் குறுக்கே கோடு போட்டார். குட்டி இரண்டாம் வகுப்பிலேயே இருப்பாள், நாளையிலிருந்து பெஞ்சு இல்லை, பதிவேட்டில் தொப்பிக்கு ஒரு கட்டம் போடுகிறோம் என்றார். என் மூன்று பக்கமும் பைக்குள்ளேயே இருந்தது.

இருந்தாலும் நடைவழிக்கு வந்ததும் குட்டியிடம் வேறு பள்ளிக்குப் போகிறோம் என்றேன். வர மாட்டாளாம்.

"நான் போயிட்டா சுண்டெலிக்கு யார் சொல்லுவா?"

விசாரித்தேன். தொப்பி விளிம்பை இடது பக்கம் இழுத்தால் முதல் அட்டை. வலது பக்கம் இழுத்தால் மூன்றாவது. சும்மா இருந்தால் நடு அட்டை. ஆறு வாரமாக, ஆசிரியரின் முதுகுக்குப் பின்னாலிருந்து. சுண்டெலிக்கு இன்னும் ஓர் எழுத்தும் தெரியாது. ஊமை என்று நான் எழுதிய பிள்ளை அந்த வகுப்பிலேயே அதிகம் பேசியவள் என்பதை, தைத்துக் கொடுத்த இரண்டு விளிம்பையும் நினைத்துக்கொண்டே நின்று புரிந்துகொண்டேன்.

அப்போது வகுப்பு உடன்பயணி முகம் வாடி வந்தாள். காலையிலிருந்து சுண்டெலி ஓர் அட்டைகூடச் சரியாக எடுக்கவில்லையாம், உடம்பு சரியில்லையோ என்று கவலை. "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்னா என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்றேன்.

அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

வாசலில் தையல்கார அம்மா நின்றிருந்தார். சனிக்கிழமை காலை சுண்டெலியை எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். விளையாட என்றேன், எழுத்துச் சொல்லித்தரப்போவதைச் சொல்லவில்லை. குட்டி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வீடு வரும்வரை ஒன்றும் கேட்கவில்லை.