அபூர்வாவிடம் கேட்ட மித்ரா

மயூர் விஹார், தில்லி
17.2.2008

மதிப்பிற்குரிய மைத்துனர் சிவகுமார் அவர்களுக்கு,

பூவராகவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே குளிர் தணிந்துவிட்டது. தங்கள் மூட்டுவலியும் தணிந்திருக்கும் என்று நம்புகிறோம். சிதம்பரம் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் என் மகள் அபூர்வாவுக்குத் தாங்கள் பேசிவைத்த இடம் இனி வேண்டாம். காரணம் சொல்லாவிட்டால் தவறாக நினைப்பீர்கள்.

போன வாரம் அவள் ஜெயலட்சுமியிடம், "மித்ரா மட்டும்தாம்மா நான் என்ன நினைக்கிறேன்னு கேக்கறான்" என்று சொன்னது காதில் விழுந்தது. வீட்டில் வாயே திறக்காத பெண் பெயரைப் பார்த்தால் வங்காளியான ஒரு பையனைப் பற்றிப் பேசுகிறாளே என்று கலங்கிப்போய், மறுநாள் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய், ஆசிரியை உஷாராணியிடம் அவன் தகப்பனாரின் முகவரியைக் கேட்டேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "அதுக்குத் தகப்பனார் இல்ல சார். அது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம்" என்று உள்ளே அழைத்துப்போனார்.

நாலு பிள்ளைகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் தட்டித்தட்டி ஒரே பாடத்தை விவாதிக்கிறார்கள். நடுவில் இந்த மித்ரா. அது பாடம் நடத்துவதில்லை. யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களைக் கேள்வி கேட்கிறது. அன்றைய பாடம், பிரிவினையில் தில்லிக்கு வந்தவர்கள் இழந்தது என்ன என்பது. வீடு, நிலம் என்றான் ஸ்ரீநிவாஸ் என்கிற பையன். "அபூர்வா, இதை ஒத்துக்கொள்கிறாயா? ஏன்?" என்று மித்ரா கேட்டது. எங்கே போக விருப்பம் என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் பெரிய இழப்பு என்று இவள் எழுதினாள். ஸ்ரீநிவாஸ் திரும்பி வாயாலேயே மறுக்க, "ருகோ, கொஞ்சம் இரு, நான் இன்னும் முடிக்கல" என்றாள் என் மகள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

சாயங்காலம், என்ன படிக்க ஆசை என்று கேட்டேன். வேறு யாரையோ கேட்கிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹிஸ்டரிப்பா. இங்கேயே."

"இன்ஜினியரிங்?"

"அது நீங்களும் மாமாவும் பேசினது."

சரி என்றேன். தாங்களும் வருத்தப்படாமல் குழந்தையை மனதார ஆசீர்வதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
பூவராகவன்

பின்குறிப்பு: இதைப் படித்த ஜெயலட்சுமி, "எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கான்னு இத்தனை வருஷத்துல கேட்டீங்களா?" என்றாள். இப்போது கேட்டேன். பிடிக்கவில்லையாம். தமிழ்நாட்டுக்கு மாற்றல் வாங்கச் சொல்கிறாள். தாயும் மகளும் உள்ளே விவாதிக்கிறார்கள்; முடியும்வரை கல்லூரி இடத்தை விட்டுவிட வேண்டாம். இதுவரை இருவரும் ஒத்துப்போனது ஒன்றில்தான்: நான் அவசரப்பட்டுக் கடிதம் எழுதிவிட்டேனாம்.