பள்ளிபாளையம் சிக்கனும் மாடி வீட்டுப் புரோட்டீனும்

சரவணம்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய கோபியிலிருக்கும் மச்சான் கதிரேசன் அவர்களுக்கு, தங்கை புருஷன் வேலன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே அக்கா, குழந்தைகள், மாடு கன்று எல்லாம் சுகந்தானே? இங்கே என் வயிற்றெரிச்சலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். போனில் சொன்னால் உங்கள் தங்கை வள்ளியாத்தாள் காதில் விழும் என்றுதான் காகிதம் எடுத்தேன்.

கல்யாணமான நாள்முதல் எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் பள்ளிபாளையம் சிக்கன், அது என் கைவேலை. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். மசாலாப் பொடியை அண்டவே விடமாட்டேன். நீங்களே மறுசோறு கேட்டவர். இப்போது மாடிக்குக் குடிவந்திருக்கும் மிதுன் என்ற ஜிம் பையனும் அதையே செய்து டப்பாவில் கொடுக்கிறான். உங்கள் தங்கை, "ஏனுங்க, அந்தத் தம்பி செஞ்சா புரோட்டீனுங்க, நீங்க செஞ்சா வெறுங் கொழுப்புங்க" என்கிறாள். இருவரும் வாங்குவது ஒரே கடைக் கோழி மச்சான்! அவன் சட்டியில் மட்டும் எப்படிச் சத்தாகிறது? எனக்குப் பொறாமைதான், ஒளிப்பானேன்? வீம்புக்கு எண்ணெயைப் பாதியாகக் குறைத்தேன், மிளகாய் விதையை உதறினேன். "இன்னும் அந்தப் பக்குவம் வல்லீங்க" என்கிறாள்.

விடுவேனா? இன்று அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவன் சிக்கனை என் சட்டியிலும் என்னுடையதை அவன் டப்பாவிலும் மாற்றிவிட்டேன். சட்டியில் இருந்ததை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். டப்பாவை வழித்துத் தின்றுவிட்டு, "என்ன கைப்பக்குவமுங்க!" என்றாள். ஜெயித்தது நான், பாராட்டு டப்பாவுக்கு! உண்மையைச் சொன்னால் என் திருட்டு வெளிப்படும், சொல்லாவிட்டால் நெஞ்சு வெடிக்கும். அடுத்த ஞாயிறு நீங்கள் வந்து, அவள் எதிரில் என் சிக்கனை ஒரு வார்த்தை புகழ வேண்டும்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, மாடி வீட்டானுக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
வேலன்

பி.கு.: அண்ணா, வள்ளி எழுதறனுங்க. அவரு இதை மடிச்சு வெச்சுப்போட்டு கவர் வாங்கப் போயிருக்காருங்க. கொழுப்பு ஏறியிருக்கு, எண்ணெயக் குறைங்கன்னு டாக்டர் சொல்லியும் கேக்கலீங்க. மாடித் தம்பியப் புகழ்ந்தேன், தானாக் குறைச்சுப்போட்டாருங்க. அந்தத் தம்பி செய்யறது பூனைகூடத் திங்காதுங்க. டப்பாவுல இருந்தது யாரு கைன்னு மொத வாயிலயே தெரிஞ்சுபோச்சு. அதான் வழிச்சுத் தின்னேன். நீங்க வந்து அவரைப் புகழ்ந்துபோட்டு மறுபடி எண்ணெய ஏத்தி உட்றாதீங்க.