ஆப்பிரிக்கா வழியாகப் பன்றி வேலி

காட்டுப்பன்றி திராட்சைத் தோட்டத்துக்குள் நுழையாமல் இருக்க வேண்டுமானால், விவசாயி முதலில் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். இது நானாகச் சொன்னதல்ல. 2008-ஆம் வருசம் தேனியில் இருந்த 'மனித வனவிலங்கு எல்லை ஒருங்கிணைப்பு அலுவலகம்' உரிய பரிசீலனைக்குப் பின் எடுத்த முடிவு. உரிய பரிசீலனை என்றால் மூன்று டீயும் ஒரு தட்டு வடையும். வடைக்குக் காசு கொடுத்தவன் நான்.

என் பெயர் வீரணன். காமயகவுண்டன்பட்டி மலையடிவாரத்தில் கடைசித் தோட்டம் என்னுடையது. மூன்று ஏக்கர், பன்னீர் திராட்சை. மலையிலிருந்து பன்றி இறங்கினால் முதல் பந்தி என் தோட்டத்தில்தான். தூரைக் கிளறி, பந்தலைத் தாங்கும் கல்காலைச் சாய்த்து, பந்தலைத் தரைக்குக் கொண்டுவந்து சாப்பிடும். இரண்டு அறுவடை அப்படிப் போனது. மூன்றாவதும் போனால் கடனுக்குத் தோட்டம் கம்பத்து உரக்கடைக்காரருக்கு.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மிச்சப் படிப்பெல்லாம் எர்ணாகுளம் மார்க்கெட்டில். கமிஷன்காரர்கள் அடித்த அடியில்தான் கழித்தல் கணக்கே வந்தது. அன்றிலிருந்து சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடம் பேரம் பேசி, ரேட் படியாததால், கூட ஒரு நல்ல பல்லையும் பிடுங்கச் சொல்லி மொத்தத்தில் குறைத்தவன் நான்.

ஒருங்கிணைப்பு அலுவலர் ஆதித்தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "வேலிக்கு இருபத்தேழு லட்சம் ஒதுக்கீடு ஆகியிருக்கு. ஒன்பது கிலோமீட்டர் சூரியசக்தி வேலி."

"அப்ப நாளைக்கே தூண் ஊன்டலாம்" என்றேன்.

"ஊன்றலாம். ஆனா வேலி விஷயத்துல நமக்கு முன்னனுபவம் கிடையாது. உலகத்தரம்னு ஒண்ணு இருக்கு."

பக்கத்துத் தோட்டக்காரர் சம்சுதீன் எழுந்தார். "சார், பன்னி உள்ளூர்ப் பன்னி. அதுக்கு உள்ளூர்த் தரம் பத்தாதா?"

"பத்தாது. ஆப்பிரிக்காவுல முசோங்கா தேசியப் பூங்கானு இருக்கு. யானை, சிங்கம், பன்றி எல்லாமே எல்லைக்குள்ள கட்டுப்பாடா இருக்காம். அஞ்சு பேர் கொண்ட ஆய்வுக்குழு போகுது. ஆளுக்கு அறுபதாயிரம், ஆக மூணு லட்சம். வேலியில ஒரு கிலோமீட்டர் குறையும். அவ்வளவுதான்."

"எந்தக் கிலோமீட்டர்?"

"கடைசிக் கிலோமீட்டர்."

"யோவ், அது என் தோட்டம்யா!" மேசையை ஓங்கிக் குத்தினேன். டீ கொட்டியது.

"தெரியும். அதனாலதான் குழுவுல உங்க பேரை முதல்ல போட்டிருக்கோம்."

கோபத்தில் ஒரு கெடுதல், வெளிநாடு என்று சொன்னால் இறங்கிவிடுகிறது. உட்கார்ந்துவிட்டேன். செலவைக் குறைக்கும் பொறுப்பு முழுவதையும் என்னிடம் ஒப்படைத்து ஆதித்தன் தீர்மானம் எழுதினார்.

பூங்காவுக்குள் நுழைய வெளிநாட்டுக்காரனுக்கு முப்பது டாலர். முத்திரை குத்திய நேரத்திலிருந்து ஒரு நாள் செல்லும். அந்த நாட்டுக்காரனுக்கு ஒரு டாலர்கூட ஆகாது. ஒரே சிங்கம், இரண்டு ரேட். எனக்கு ரத்தம் கொதித்தது. கம்பத்தில் நௌஷாத் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல அவன் இங்கிலீஷில் அடித்தான்.

'எங்கள் ஊரிலும் உங்கள் ஊர் வெயில்தான். ஆகவே உள்ளூர் ரேட் போடவும்.' பதில் வந்தது: 'கட்டணம் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டது.'

'எங்களுக்குப் பன்றி மட்டும் போதும். சிங்கம் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறோம். பன்றிக்கு மட்டும் தனி ரேட் சொல்லவும்.' பதில்: 'விலங்குகளுக்குத் தனித்தனி விலை இல்லை.'

வண்டிக்கு எடை பார்த்துக் கட்டணமாம். 'எடை போடுவது ஆள் ஏறும் முன்பா, பின்பா?' என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

"மாமா, ரெண்டு மணி நேரம் ஆச்சு. நாப்பது ரூபா" என்றான் நௌஷாத்.

"முப்பது வச்சுக்க."

"பேரத்தை அங்கன பேசுங்க மாமா. இங்கன பேசாதீக."

நான்காம் நாள் ஆப்பிரிக்கா பணிந்தது. நாற்பது பேருக்குக் குறையாமல் வரும் குழுவுக்குப் பாதிக் கட்டணம்! பிரவுசிங் சென்டரில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னேன்.

கூட்டத்தில் இதை அறிவித்ததும் கைதட்டல் அடங்க நேரமானது. சம்சுதீன் மட்டும் தட்டவில்லை.

"மாப்ள, அஞ்சு பேரு முழு ரேட்டுல போனா ஆறாயிரம் ரூபா. நாப்பது பேரு பாதி ரேட்டுல போனா இருபத்திநாலாயிரம். இதுல மிச்சம் எங்கன இருக்கு?"

"முழு ரேட்டுல நாப்பது பேரு போனா நாப்பத்தெட்டாயிரம்யா! இருபத்திநாலாயிரம் மிச்சம்!"

"சரி, நாப்பது பேருக்குப் பிளேன் டிக்கெட்டு?"

ஆதித்தன் கையை உயர்த்தினார். "விமானக் கட்டணம் வேற கணக்குத் தலைப்பு. அதைப் பத்தி இந்தக் கூட்டத்துல பேச நமக்கு அதிகாரம் இல்லை."

"அந்தத் தலைப்புல பணம் எங்கயிருந்து வருது சார்?"

"வேலியிலிருந்து" என்றார், ரொம்பவும் சாந்தமாக.

நான் அதைக் கேட்டேன். கேட்காமல் இல்லை. ஆனால் ஒரு கண்டத்தையே பாதி ரேட்டுக்கு இறக்கிய மனுசன் காதில் அதெல்லாம் எங்கே ஏறும்?

அதற்குப் பிறகு ஊருக்கு ஆப்பிரிக்கா பிடித்துவிட்டது. நாற்பது இடத்துக்கு இருநூறு பேர் மல்லுக்கட்டினார்கள். கம்பம் தையல்காரர்கள் திராட்சைக்காரர்களுக்குப் பதினாலு பை வைத்த அரைக்கால் சட்டை தைத்தார்கள். தொப்பியும் கூலிங்கிளாசும் இல்லாமல் ரேஷன் கடைக்குக்கூட யாரும் போவதில்லை. பேருந்து நிலையத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'கண்டம் தாண்டும் கருஞ்சிங்கமே!' என்று எழுதி, சிங்கத்துக்குப் பக்கத்தில் என் பாஸ்போர்ட் போட்டோ. இரண்டு பேரில் சிங்கம்தான் சாதுவாக இருந்தது. மஞ்சக்காய்ச்சல் ஊசி கட்டாயம் என்றதும், குழுவில் இடம் கிடைக்காதவர்கள்கூட ஒரு மதிப்புக்காகக் கையில் பஞ்சை ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

வீட்டில் சங்கிலியம்மாள் மட்டும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பழம் நிறம் மாறுது. வேலி எப்ப வரும்?"

"ஏ புள்ள, நான் எம்புட்டு மிச்சம் பிடிச்சிருக்கேன் தெரியுமா?"

"மிச்சத்தை ஊன்டி வச்சா பன்னி நிக்குமாக்கும்?"

பெண்டாட்டிகளிடம் பேரம் பேசக் கூடாது. கிளம்பிவிட்டேன்.

முசோங்கா வாயிலில் நாங்கள் போய் நின்றபோது உச்சிப் பொழுது. சிமெண்ட் தூண், பச்சை இரும்புக் கதவு, மேலே வளைந்த பெயர்ப்பலகை. சீட்டுக் கூண்டில் இருந்த அம்மா எங்களை விரல் நீட்டி எண்ணினார். முப்பத்தொன்பது. நாற்பதாவது ஆள் விடுதிக் கக்கூஸில் இருந்தார். ஆகவே முழுக் கட்டணம் என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! தமிழில் கேட்டேன். மலையாளத்தில் கேட்டேன். மார்க்கெட்டில் செய்வதுபோல் துண்டுக்கடியில் கையைப் பிடித்து விரலால் விலை பேசலாம் என்று துண்டை நீட்டினேன். அந்த அம்மா அதை வாங்கி மேசையைத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். 'வேண்டாம், போறோம்' என்று நாலு தடவை வண்டியைத் திருப்பிப் பார்த்தேன். எர்ணாகுளத்தில் இரண்டாம் தடவையே கூப்பிடுவார்கள். இங்கே கூப்பிடவில்லை. கடைசியில் நாற்பது ஆள் என்ற கணக்கிலிருந்து இறங்கி முப்பத்தொன்பதரைக்கு வந்தேன். அப்போது மணி ஆறு. அவர் எழுந்தார், கதவைப் பூட்டினார், சிரித்தபடி கை காட்டிவிட்டுப் போனார். எங்களுக்கு மறுநாள் காலை விமானம்.

ஊருக்குத் திரும்பி எந்த முகத்தோடு போவது என்று எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம். ஆதித்தன் மட்டும் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு உற்சாகமாக வந்தார்.

"அருமையான கள ஆய்வு! ஆறு மணி நேரம் ஒரு வாயிலை இவ்வளவு கிட்ட நின்னு எந்தக் குழுவும் கவனிச்சிருக்காது. உயரம், அகலம், கீல், தாழ்ப்பாள் எல்லாம் அளந்தாச்சு."

"வேலி சார்?"

"வேலி நம்ம பார்வைக்கு வரலை. பார்வைக்கு வராததைப் பரிந்துரைக்க முடியாது."

வீட்டுக்கு வந்தேன். தோட்டத்தில் பந்தல் தரையில் கிடந்தது. சங்கிலியம்மாள் என் தொப்பியைப் பார்த்தாள், பந்தலைப் பார்த்தாள்.

"நீங்க போன மறுநாளே வந்தாக. குட்டி குஞ்சோட வந்தாக. நல்லா சாப்பிட்டாக. உங்களைத்தான் தேடுனாக."

மூன்றாவது அறுவடையும் போனது. இனி ஒரே வழி, பயிர்ச் சேத நட்ட ஈடு. மனு போட்டேன். அதற்குள், நாற்பது பேர் போய்வந்த செலவு போக மிஞ்சிய மூன்று லட்சத்தில் மலையடிவாரப் பாதையில் கதவு வந்துவிட்டது. சிமெண்ட் தூண், பச்சை இரும்பு, பெயர்ப்பலகை, எல்லாம் முசோங்கா அளவு. இரண்டு பக்கமும் வெட்டவெளி. வேலி என்ற பெயரில் ஒரு கம்பிகூட இல்லை.

கதவுக்கு ஒரு காவலாளி, அழகுமலை. "அண்ணே, தோட்டத்துக்குப் போக டிக்கெட் பத்து ரூபா. வாயில் பராமரிப்புக் கட்டணம்."

"என் தோட்டத்துக்கு நான் போக டிக்கெட்டாடா?"

நின்று கத்தியதில் ஆறு ரூபாய்க்கு இறக்கினேன். வெற்றி. ஆனால் நான் ஆறு ரூபாயை எண்ணிக் கொடுக்கும்போது, சம்சுதீன் கதவைச் சுற்றிக்கொண்டு வெட்டவெளியில் ஓசியில் போய்க்கொண்டிருந்தார்.

"அவர்கிட்ட ஏன்டா கேக்கல?"

"யாருண்ணே?" அழகுமலை திரும்பிப் பார்த்துக் கரும்பலகையில் ஒரு கோடு போட்டான். "ஓ, அதுவா. கதவு வழியா வந்தா மனுசன், சுத்தி வந்தா காட்டுப்பன்னி. சார் உத்தரவு. பன்னிக்குக் கட்டணம் இல்லண்ணே."

யோசித்துப் பார்த்தேன். மனுசனாகப் போனால் ஆறு ரூபாய், பன்றியாகப் போனால் ஓசி. என் ஆயுசில் இதைவிட நல்ல ரேட்டை எவனும் எனக்குக் கொடுத்ததில்லை. மறுநாள் முதல் நானும் சுற்றித்தான் போனேன். ஒரு வாரத்தில் ஊரே சுற்றிப் போனது. ஆய்வுக்கு வந்த ஆதித்தனின் ஜீப்கூட, டிக்கெட்டுக்கு ரசீது எழுதும் சிரமத்துக்காகச் சுற்றித்தான் போனது. அழகுமலை அதற்கு நாலு கோடு போட்டான்.

மூன்றாம் மாதம் நட்ட ஈட்டுக்குத் தேனிக்கு அழைத்தார்கள்.

"உங்க மனு தள்ளுபடி" என்றார் ஆதித்தன். "பயிர்ச் சேத நட்ட ஈடு மனிதர்களுக்கு மட்டும். நம்ம பதிவுப்படி நீங்க காட்டுப்பன்றி. சொல்லப்போனா, அந்தப் பயிரைச் சேதம் செஞ்சதே நீங்களோனு ஒரு கோணம் இருக்கு."

"யோவ்! நான் மனுசனா உம்ம முன்னால நிக்கிறேன்யா!"

"இது தேனி. இந்த அலுவலகத்துக்குள்ள நீங்க மனிதர்தான், மறுக்கலை. உட்காருங்க. ஆனா மலையடிவாரத்துல யாரெல்லாம் மனிதர்னு கதவுதான் சொல்லணும்."

"ஊர்ல எல்லாரும் சுத்தித்தான் போறாக. அப்ப ஊர்ல மனுசனே இல்லையா?"

"ஏன் இல்லை? இருபத்தொரு பேர் இருக்காங்க. தினம் பொழுது சாய மலையிலிருந்து இறங்கி, கதவு வழியா, வரிசையா வர்றாங்க. நட்ட ஈடு முழுசும் அவங்க பேருக்கு ஒதுக்கியாச்சு. வந்து வாங்கிக்க வேண்டியதுதான் பாக்கி."

எனக்குப் புரிந்தது. சுற்றிப் போகும் பாதையில் எங்கள் நடமாட்டம் அதிகமாகிப்போனதால், நிசப் பன்றிகள் எங்களுக்குப் பயந்து கதவு வழியாக வர ஆரம்பித்திருந்தன.

அன்று சாயங்காலமே கதவடியில் போய் நின்றேன். பின்னால் சங்கிலியம்மாள்.

"ஏங்க, அவுககிட்ட உங்க கோவத்தைக் காட்டாதீக. தன்மையாப் பேசுங்க. பணம் அவுக கையில இருக்கு."

தலைவர் முன்னால் வந்தார். நல்ல உடம்பு, மேல்நோக்கி வளைந்த கோரைப்பல். துண்டை எடுத்து, மரியாதையாக இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

"ஐயா, கையெழுத்து நீங்க போடுங்க. அலைச்சல் என்னோடது. பாதிக்குப் பாதி."

அவர் என்னைப் பார்த்து உறுமினார்.

"சரிய்யா, அறுபது உங்களுக்கு, நாப்பது எனக்கு."