ரிக் வண்டி டவுட்டு

மல்லசமுத்திரத்தைத் தாண்டி, தோளில் பையோடு நடந்துகொண்டிருந்தேன். போர்வெல் போடும் ரிக் வண்டி வேலையிலிருந்து துரத்தப்பட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குக் காரணமான ஆள் என் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்.

அவர் பெயர் டவுட்டு, அதே வண்டியில் வேலை. வேறு பெயர் இருந்திருக்கலாம், யாரும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் அவர் வேலை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு நாளில் கேட்கப்படும் கேள்விகளில் பாதி அவருடையது.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் ஒருநாள் இருவரும் ஆட்டையாம்பட்டியில் பஸ் ஏறினோம்.

"ஏனுங்க, இது சேலம் போகுங்களா?"

"போர்டு தெரியலயா?" என்றார் கண்டக்டர்.

"போர்டு தெரியுதுங்க. வண்டி போகுங்களா?"

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் மட்டும் திரும்பி, "ராசிபுரமல்ல போறோம்?" என்றார். போர்டை மாற்ற மறந்திருந்தார்கள். சிரித்தவர்களில் பதினோரு பேர் இறங்கினோம்.

எல்லாக் கேள்வியும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். ஓர் இழவு வீட்டில், "நெசமாவே போயிட்டாருங்களா?" என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறார்.

நான் நேர் எதிர். ஏழாவதோடு நின்றவன். அது வெளியே தெரிந்துவிடும் என்று எதையும் கேட்க மாட்டேன். தறி, சூளை, ஓட்டல் என்று எல்லா இடத்திலும் தெரிந்த மாதிரியே சேர்ந்தேன். தெரியாத மாதிரியே கிளம்பினேன். ரிக்கில் இரண்டு வருட அனுபவம் என்று சொல்லியிருந்தேன். வேலை போன அன்று என் ஒன்பதாவது நாள். சோறும் படுக்கையும் அந்த வண்டியில்தான்.

எங்கள் பக்கம் நீரோட்டம் பார்ப்பவர் குறித்த இடத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி வைப்பார்கள். அன்று தோட்டத்துச் சொந்தக்காரர் பூஜைக்கு எலுமிச்சம்பழம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

"கல்லு எங்கன்னு தெரியுமல்ல?" என்றார் மேனேஜர்.

"தெரியுமுங்க" என்றேன்.

வேப்ப மரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று நின்றது. கையைக் காட்டி வண்டியை அங்கே வரவழைத்தேன். ஜாக்கி இறக்கியாயிற்று. டிரில்லர்காரர் லீவரில் கை வைத்துவிட்டார். அப்போது டவுட்டு கல்லைக் குனிந்து பார்த்தார். பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தக் கல்லு தண்ணிக்கு நட்டதுங்களா, சாமிங்களா?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

அந்தப் பெண் அரிவாளோடு எழுந்தார். "எங்கூட்டுக் குலசாமிய்யா அது! எவன்டா இங்க வண்டிய ஏத்துனவன்?"

எல்லோர் கையும் என் பக்கம் நீண்டது. தண்ணீர்க் கல் வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த தோட்டத்தில் இருந்தது.

"தெரியும்னியே?" என்றார் மேனேஜர்.

நான் கல்லின் மேல் படிந்த புழுதியைத் துண்டால் துடைத்தேன்.

"ரிக்குல ரெண்டு வருசம்னியே, அதாச்சும் நெசமா?"

"இல்லீங்க."

"பைய எடு."

இப்போது சாலையில் டவுட்டு என்னைப் பிடித்துவிட்டார். மூச்சு வாங்கியது. ஆனாலும் கேட்டார்.

"ஏந் தம்பி, என்னாலதான போச்சு?"

"இல்லீங்ணா."

"சாப்டியா?"

"இல்லீங்ணா."

"எங்க போற?"

"தெரியலீங்ணா."

டவுட்டு தலையைச் சொறிந்தார். எதிரே முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு ஒருவர் மொபெட்டில் வந்தார். டவுட்டு நடுரோட்டில் நின்று கையை நீட்டினார்.

"ஏனுங்க, உங்க பண்ணைல ஆளு வேணுமுங்களா?"

எனக்கு அங்கேயே குழி தோண்டி இறங்கிவிடலாம் போல இருந்தது. முட்டைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காத்தால வரச் சொல்லுங்க" என்று வழி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பண்ணை வாசலில் நின்றேன்.

"கோழி வேல தெரியுமா?" என்றார் சூப்பர்வைசர்.

வாய்வரை வந்ததை விழுங்கினேன். "தெரியாதுங்க. மொதல்ல என்னங்க பண்ணோணும்?"

அவர் செல்லை எடுத்தார். "உன்னயத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

டவுட்டின் நம்பரைக் கொடுத்தேன். சூப்பர்வைசர் செல்லைக் காதில் வைத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் குரல் தணிந்திருந்தது. மூன்றாவது சுற்றில், "ஆமாங்க... இருக்குதுங்க... குடுத்தர்றோமுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது நெற்றியில் வேர்வை.

"யாரப்பா அது? உன்னயப் பத்தி நான் ஒண்ணு கேக்கறதுக்குள்ள அவரு இருவது கேட்டுட்டாரு. எங்க படுப்பே, போர்வ இருக்குதா, சோத்துக்குக் கொழம்பு உண்டா, கோழி கொத்துமான்னு..."

"எங்கண்ணனுங்க" என்று சொல்லிவிட்டு, தீவன மூட்டையைத் தூக்கினேன்.