மீரா சாகிப் சம்மதித்தார்

மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் கண்ணயர்ந்த மீரா சாகிப், வீடு இடிகிற சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்.

நிஜமாகவே இடித்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையின் பின்சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியே வாய்க்காலும் அதற்கப்பால் நடவு வயலும் தெரிந்தன. கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

"யாருய்யா உன்னை இடிக்கச் சொன்னது?"

"நீங்கதான் மொதலாளி."

"நானா? எப்ப?"

"ஒரு மணி நேரம் இருக்கும். ஜன்னல் வச்சிடலாமான்னு கேட்டோம். என்னையே பாத்துக்கிட்டு 'ம்ம்'னீங்க. பெரிசா வைக்கவான்னேன். அதுக்கும் 'ம்ம்'னீங்க."

மீரா சாகிப் மனைவி நஃபீசாவைப் பார்த்தார். ஒன்பது வருஷமாக அவள் கேட்டு, ஒன்பது வருஷமாக அவர், "அடுத்த லீவுல பாக்கலாம்" என்று தள்ளிப்போட்ட ஜன்னல் அது.

"நீங்க சரின்னதுமே வேலையை ஆரம்பிக்கச் சொல்லிட்டேங்க," என்றாள் நஃபீசா. "அப்புறம் மனசு மாறிட்டா?"

தான் அப்படிச் சொன்னதாக அவருக்குத் துளிகூட நினைவில்லை. ஆனால் சுவரில் ஓட்டை இருந்தது.

மீரா சாகிப் துபாயில் ஒரு அத்தர் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவர். இந்த வருஷம் பழைய முதலாளியின் மகன் கடைக்கு வந்தான். வந்த முதல் நாளே, "உங்க மூஞ்சியைப் பாத்தா கஸ்டமருக்குக் கொட்டாவி வருது" என்றான். அதில் உண்மை இருந்தது. ஐம்பத்தொரு வயதில் மேலிமைகள் தொங்கி, கீழே பை கட்டியிருந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில், யாருக்கும் சொல்லாமல், விளம்பரத்தில் பார்த்த ஒரு அழகு மருத்துவரிடம் போய் இமைகளை வெட்டித் தைத்துக்கொண்டார். தையல் பிரித்த மறுநாளே இரண்டு மாத லீவில் ஊருக்கு விமானம் ஏறினார்.

பத்து வயது குறைந்த மாதிரிதான் இருந்தது. கூடவே, ஏதோ கெட்ட செய்தி கேட்ட மாதிரியும் இருந்தது.

"யாரைப் பாத்துப் பயந்தீங்க?" என்று கேட்டாள் நஃபீசா, அவர் வாசலில் கால் வைத்ததுமே.

அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். ஊரில் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். கூத்தாநல்லூரில் ஓர் ஆம்பிளை அழகுக்காக ஆபரேஷன் செய்துகொண்டான் என்று தெரிந்தால், பேரப்பிள்ளை காலம் வரைக்கும் பட்டப்பெயர் நிற்கும்.

ஊருக்கு வந்த அன்றே தொந்தரவு தொடங்கிவிட்டது. காலையில் எழுந்தால் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். பகலெல்லாம் தண்ணீர் ஊற்றியது. மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். அதைப் போட்டதும் உலகம் எண்ணெய்க் காகிதத்துக்குள் போய்விட்டது. பள்ளிவாசல் முனையில் பணிவாக சலாம் சொல்லி, பதில் வராமல், கிட்டப் போய்ப் பார்த்தால் கோணி போர்த்திய மோட்டார் பம்ப்.

களிம்பை விட்டுக் கூலிங் கிளாஸ் போட்டார். கண்ணாடிக்கு அடியில் நீர் வழிந்ததைப் பார்த்த ஊர், துபாயில் வேலை போய்விட்டது என்று முடிவு செய்தது. துக்கம் விசாரிக்கப் பதினோரு பேர் வந்தார்கள்.

மறுபடி மருந்துக்கடைக்குப் போனார்.

"கண்ணுக்கு நல்லா ஓய்வு குடுங்க பாய். மத்தியானமும் படுங்க."

அன்றிலிருந்துதான் மத்தியானத் தூக்கம். சுவர் போனது இரண்டாவது நாள்.

நான்காவது நாள் எழுந்தபோது, பின்னறையில் அவர் போர்வை போர்த்தி நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைக் காணோம். நஃபீசாவின் தம்பி அப்துல் அஜீஸ் அதில் வீதியைச் சுற்றிவந்து வாசலில் நிறுத்தினான்.

"மச்சான், உங்க மனசு யாருக்கும் வராது! கேட்டு வாயை மூடல, 'ம்ம்'னு சொல்லிட்டீங்களே!"

"நான் சொன்னேனா?"

"புதுப்பொண்டாட்டியைப் பாக்கிற மாதிரி கண்ணு கொட்டாம என்னையே பாத்தீங்க மச்சான். எனக்கே கூச்சமாப் போச்சு."

மீரா சாகிப் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தெருவில் நாலு பேர் அவரைப் புகழ்ந்துகொண்டு போனார்கள். தனக்கு மூளை கலங்க ஆரம்பித்திருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

அந்த வாரக் கடைசியில் சந்தேகம் உறுதியானது. மகள் சுமையா ஒரு காகிதத்தை நீட்டினாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலும் கூட.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?" என்று கத்தினார். இந்த லீவில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவர் வந்திருந்தார்.

சுமையாவின் முகம் சுருங்கியது. "உங்களைக் கேட்டுத்தான் அத்தா. முந்தாநாள் கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நின்னு கேட்டேன். திட்டுவீங்கன்னுதான் நெனச்சேன். ஆனா நீங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. உங்க கண்ணுல தண்ணி வந்துச்சு அத்தா. 'ம்ம்'னீங்க. என்னைப் பத்தி நீங்க அழுது நான் பாத்ததே இல்ல."

காகிதம் அவள் கையிலேயே இருந்தது. அவர் அதை வாங்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

மறுநாள் காலை நஃபீசாவையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குக் கண் டாக்டரிடம் போனார். மூளை டாக்டரிடம் போகப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்தார். "கண்ணை மெதுவா மூடுங்க."

"மூடிட்டேன்."

"இல்ல, மூடுங்க."

"மூடித்தாம்மா இருக்கேன்."

"அப்படியா? இது எத்தனை விரல்?"

"மூணு."

டாக்டரம்மா விளக்கை அணைத்தார். "உங்க இமையில தேவைக்கு மேல தோலை வெட்டிட்டாங்க. இமை ரெண்டும் சேரவே மாட்டேங்குது. நீங்க கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் தூங்கறீங்க. அதான் கண்ணு காஞ்சு எரியுது." பிறகு நஃபீசாவிடம் திரும்பினார். "நீங்க கவனிக்கலையாம்மா?"

"நான் படுத்தா எனக்கு உலகமே தெரியாதுங்க," என்றாள் நஃபீசா.

தூங்கும்போது ஜெல் போட்டு, இமையை இழுத்து பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். விட்டால் கருவிழி புண்ணாகிவிடும். மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் மறுபடி ஆபரேஷன். மீரா சாகிபுக்கு இதெல்லாம் தேன் மாதிரி காதில் விழுந்தது. மூளை நன்றாக இருக்கிறது!

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் வழக்கம்போல நின்றது.

"இத்தனை நாளும் நான் தூங்கிட்டுத்தான் இருந்திருக்கேன் நஃபீசா! ஆனா அந்த 'ம்ம்' எங்கேருந்து வந்துச்சு?"

"அது தூக்கத்துல நீங்க விடற மூச்சு. கல்யாணமான நாள்லேருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அப்ப எல்லாத்தையும் ரத்து பண்ணிடலாம்!"

"பண்ணுங்க," என்றாள் அவள். "கண்ணைத் திறந்துக்கிட்டுத் தூங்கினேன்னு சொல்லுங்க. எதனாலன்னு கேப்பாங்க. ஆபரேஷன்னு சொல்லுங்க. எதுக்குன்னு கேப்பாங்க."

மீரா சாகிப் கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சுமையாவைக் கூப்பிட்டார். அவள் கதவோரம் நின்றாள். வேண்டாம் என்று சொல்வதற்கு வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தார். ஆனால் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கண்களைத்தான் பார்த்தாள். அழுத அத்தாவை மறுபடி தேடுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"ஹாஸ்டல்ல சோறு நல்லா இருக்குமான்னு விசாரிச்சியா?" என்று கேட்டார்.

அவள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை வந்த கண்ணீருக்கும் ஆபரேஷனுக்கும் சம்பந்தமில்லை.

மறுநாள் மதியம் புது ஜன்னல் வெளிச்சத்தில் சாப்பிட்டார். காற்று நன்றாக வந்தது. நஃபீசாவின் முகம் வியர்த்திருக்கவில்லை. ஒன்பது வருஷம் முன்பே வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

கட்டிலில் சாய்ந்தார். நஃபீசா அவளே பக்குவமாக ஜெல் போட்டுவிட்டாள்.

"பிளாஸ்திரி?"

"இங்கதான் வச்சேன், காணலையே. நாளைக்கு வாங்கிக்கலாம். நீங்க நிம்மதியாப் படுங்க."

அவள் வெளியே போனாள். மீரா சாகிப் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார். தூக்கம் இன்னும் வரவில்லை. மனசு லேசாக இருந்தது. அறியாமல் நடந்ததெல்லாம் நல்லதாகவே முடிந்தது அல்லாஹ்வின் கருணை என்று நினைத்துக்கொண்டார்.

வாசல் பக்கம் ஏதோ வண்டி வந்து நின்றது. வீட்டு வேலை செய்யும் செவ்வந்தி திரைச்சீலையை விலக்கி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"அம்மா, வாஷிங் மெஷின்காரர் வந்துட்டாரு. மொதலாளி இன்னும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க, அந்த 'ம்ம்' சத்தம் வரல. எப்பவும் போல, தூங்கினப்புறமா வரச் சொல்லிடவா?"